அண்ட நுண்ணலைப் பின்னணியை அளக்கும் மீக்கடத்து போலோமீட்டர்: வேஃபர் முதல் குளிர்ச் சோதனை வரை முழுமையான வழிகாட்டி

அண்ட நுண்ணலைப் பின்னணி என்பது பெருவெடிப்பின் மிச்சமாக வானமெங்கும் பரவியிருக்கும் மங்கலான நுண்ணலை ஒளி. இந்த வழிகாட்டி, அதை அளக்கும் ஒரே ஒரு வகை உணரியைப் பற்றியது. 100 மில்லிகெல்வின் அடித்தளத்தில் அமர்ந்து, 150 கிகாஹெர்ட்ஸ் அலைக்கற்றையில் வானத்தைப் பார்க்கும், அலுமினியம்–மாங்கனீசு கலப்புப் படலத்தால் ஆன நிலைமாற்ற விளிம்பு போலோமீட்டர் (வந்து விழும் அலையை வெப்பமாக்கி அளக்கும் கருவி) அது. சிலியின் அட்டகாமா பாலைவனத்தில் இயங்கிய ஏசிடி எனும் அட்டகாமா அண்டவியல் தொலைநோக்கிக்கும், அதே மலைச்சரிவில் உள்ள சைமன்ஸ் ஆய்வகத்துக்கும், கொலராடோவின் போல்டர் நகரிலுள்ள நிஸ்ட் (அமெரிக்கத் தேசியத் தர நிர்ணய நிறுவனம்) ஆய்வுக்கூடம் செய்து தந்த உணரிகள் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவை.

உணரி வேலை செய்யும் விதத்தை மனத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டும். நான்கு மெல்லிய சிலிக்கான் நைட்ரைடு கால்களில் ஒரு சிறு தீவு தொங்குகிறது. ஆண்டெனா வாங்கிய நுண்ணலை, நையோபியம் கம்பித்தடம் வழியாகத் தீவுக்கு வந்து, அங்குள்ள தங்க மின்தடையில் வெப்பமாகிறது. அதே தீவில் உள்ள கலப்புப் படலம், மின்தடையே இல்லாத மீக்கடத்து நிலைக்கும் மின்தடையுள்ள இயல் நிலைக்கும் இடைப்பட்ட சரிவில், மாறா மின்னழுத்தத்தில் நிறுத்தப்பட்டிருக்கிறது. தீவு சூடானால் படலத்தின் மின்தடை ஏறும், மின்னோட்டம் இறங்கும், மின்வெப்பம் குறையும், தீவு பழைய வெப்பநிலைக்குத் திரும்பும். அந்த மின்னோட்ட மாற்றத்தை, மிகச் சிறு காந்தப்புலத்தையும் உணரும் மீக்கடத்துக் கருவியான ஸ்குவிட் படிக்கிறது.

புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் படிகளின் வரிசையில்தான் தடுமாறுகிறார்கள். தனக்குப் பின்னால் வரும் வெப்பத்தையும் கரைசலையும் ஒரு படலம் தாங்குமா என்று கேட்காமலேயே அடுத்த படிக்குப் போய்விடுகிறார்கள். ஆகவே ஒவ்வொரு படிக்கும் அது ஏன் அந்த இடத்தில் இருக்கிறது என்பதைச் சேர்த்தே எழுதியிருக்கிறேன்.

1. தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

முதலில் உறுதி செய்ய வேண்டியது குளிர்ச் சோதனைக்கான இடம். டைலூஷன் குளிர்விப்பானில் (மில்லிகெல்வின் வரை குளிர்விக்கும் கருவி) ஒரு சுற்று முடியப் பல நாட்கள் ஆகும். படலம் படிந்த பிறகு குளிர்விப்பானுக்காக வரிசையில் நின்றால், அளவு தெரியவரும்போது ஸ்பட்டரிங் கலத்தின் (அயனிகளால் உலோகத்தைத் தெறிக்கவைத்துப் படலமாகப் படிய வைக்கும் வெற்றிடக் கலம்) நிலையே மாறிப்போயிருக்கும். திருத்தம் செய்வதற்குப் பொருளிருக்காது.

அடுத்தது, கலப்புப் படலத்துக்கென்றே ஒதுக்கிய ஸ்பட்டரிங் கலம். இரும்பு, நிக்கல் போன்ற காந்த உலோகங்கள் படிய வைத்த கலத்தில் இதைச் செய்யக் கூடாது. அவற்றின் சிறு மாசுகூட, படலம் மீக்கடத்தியாகும் மாறுநிலை வெப்பநிலையைக் கணிக்க முடியாதபடி இழுத்துவிடும்.

முழு வரிசையையும் ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவிடுங்கள்: நைட்ரைடு பூசிய வேஃபர் (உணரிகள் உருவாகும் மெல்லிய சிலிக்கான் வட்டு), நையோபியம் தரைத்தளம், மின்காப்புப் படலம், மேல் நையோபியம், கலப்புப் படலம், தங்க மின்தடையும் பலேடியம்–தங்கமும், சூட்டுத் திருத்தம், கால்களை வெட்டுதல், பின்புறச் சிலிக்கானை நீக்குதல். ஒவ்வொன்றுக்கும் எதிரே அது எட்டும் உச்ச வெப்பநிலையைக் குறித்து வையுங்கள். பின்னால் வரும் பாதித் தவறுகளை அந்த ஒரு பத்தி தடுத்துவிடும்.

2. எண்களை முதலில் தாளில் முடித்துக்கொள்ளுதல்

வானம், வளிமண்டலம், தொலைநோக்கியின் சாளரம் எல்லாம் சேர்ந்து உணரி மேல் 4 பைக்கோவாட் சுமை ஏற்றுகின்றன என்று கொள்வோம். மேகமூட்டமான நாளிலும் உணரி இயங்க வேண்டும் என்பதால், தெவிட்டுத் திறனை (படலத்தை முழுக்க இயல் நிலைக்குத் தள்ளும் திறன்) அதைப்போல் இரண்டரை மடங்காக, அதாவது 10 பைக்கோவாட்டாக வைக்கிறோம். இதற்குக் குறைத்தால் வானம் சற்றுக் கனத்ததுமே படலம் முழுக்க இயல் நிலைக்குப் போய் உணரி குருடாகும். மிகவும் கூட்டினால் கால்கள் தடித்து, அவற்றின் வழியே வரும் வெப்ப இரைச்சல் ஏறும்.

மாறுநிலை வெப்பநிலை அடித்தளத்தைப்போல் ஏறத்தாழ 1.7 மடங்காக இருக்கும்போது இந்த இரைச்சல் மிகக் குறைவாக அமையும். நாம் 160 மில்லிகெல்வின் எடுத்துக்கொள்கிறோம். கால்கள் கடத்தும் திறன் வெப்பநிலையின் மும்மடியைப் பொறுத்தது என்று கொண்டால், வெப்பக் கடத்துதிறன் கெல்வினுக்குச் சுமார் 250 பைக்கோவாட் என வரும். அதிலிருந்து கிடைக்கும் ஃபோனான் இரைச்சல் (கால்கள் வழியே செல்லும் வெப்பத்தின் ஏற்ற இறக்கம்), ஹெர்ட்ஸின் வர்க்கமூலத்துக்கு ஏறத்தாழ 15 அட்டோவாட். அதே 4 பைக்கோவாட் ஒளியின் ஃபோட்டான் இரைச்சலோ, 40 கிகாஹெர்ட்ஸ் அகலத்துக்கு, சுமார் 40 அட்டோவாட். இரைச்சல்கள் வர்க்கமாகக் கூடுவதால், உணரி தன் பங்காகச் சேர்ப்பது மிகச் சிறிது. இந்த ஒப்பீடு சாதகமாக வராதவரை அடுத்த படிக்குப் போக வேண்டாம்.

இங்கே கவனிக்க வேண்டிய இன்னொரு கணக்கு உண்டு. மாறுநிலை வெப்பநிலை 160-க்குப் பதில் 176 மில்லிகெல்வினாக, அதாவது பத்து விழுக்காடு கூடுதலாக வந்துவிட்டால், தெவிட்டுத் திறன் 10-லிருந்து ஏறத்தாழ 14.4 பைக்கோவாட்டுக்குத் தாவும். பத்து விழுக்காடு குறைந்தால் 6.4 பைக்கோவாட்டுக்கு விழும். மும்மடிதான் காரணம். கால்களின் அகலத்தைத் துல்லியமாக்க நாள் கணக்கில் உழைத்துவிட்டு, படலத்தின் வெப்பநிலையை ‘கிட்டத்தட்ட சரி’ என்று விடுவது வீண் என்பதை இந்த எண்ணே சொல்லிவிடும்.

கடைசியாக, இயல் மின்தடை. சைமன்ஸ் ஆய்வகத்தின் நுண்ணலைப் பன்முகப் படிப்புமுறைக்கு (பல உணரிகளை ஒரே கம்பியில் படிக்கும் முறை) 8 மில்லிஓம் அளவு பொருந்தும். அதனோடு சேரும் இணைத்தட மின்தடை (உணரிக்கு இணையாக வைத்து மின்னழுத்தத்தை மாறாமல் நிறுத்தும் தடை) 0.4 மில்லிஓம். தென்துருவத் தொலைநோக்கியின் மூன்றாம் தலைமுறைக் கருவி அதிர்வெண் வழிப் படிப்புமுறையைப் பயன்படுத்துவதால், அங்கே ஓம் அளவிலான உணரிகள் தேவைப்பட்டன. படிப்புமுறையை முடிவு செய்யாமல் படலத்தின் தடிமனை முடிவு செய்ய இயலாது.

3. மாஸ்க் வரைதல்

மாஸ்க் என்பது படலங்களில் பதிக்க வேண்டிய வடிவங்களைத் தாங்கிய தகடு. ஒரே மாஸ்க்கில் மூன்று பொருள்கள் கட்டாயம் இருக்க வேண்டும்: ஆண்டெனாவோடு இணைந்த உணரிகள், ஆண்டெனா இல்லாத இருட்டு உணரிகள், வேஃபரின் நடுவிலும் ஓரங்களிலும் சிதறிய சோதனைப் பட்டைகள். இருட்டு உணரி இல்லையென்றால், அளந்த சைகையில் எவ்வளவு ஆண்டெனா வழி வந்தது, எவ்வளவு பக்கவாட்டில் கசிந்தது என்பதை எந்தக் காலத்திலும் பிரித்தறிய முடியாது. இடம் வீணாகிறது என்று இவற்றை நீக்குபவர்கள் கடைசிப் படியில் வருந்துகிறார்கள்.

கால்களின் அகலத்தில் மட்டும் மாறுபடும் நான்கைந்து உணரிகளையும் முதல் வேஃபரில் சேர்த்துவிடுங்கள். ஒரே குளிர்ச் சுற்றில், அகலத்துக்கும் கடத்துதிறனுக்கும் உள்ள உறவு கைக்கு வந்துவிடும்.

4. வேஃபரும் நைட்ரைடும்

150 மில்லிமீட்டர் சிலிக்கான் வேஃபரின் மேல் மெல்லிய வெப்ப ஆக்சைடும், அதன் மேல் குறைந்த தகைவுடைய சிலிக்கான் நைட்ரைடும் இருக்க வேண்டும். நைட்ரைடு 2 மைக்ரோமீட்டர் தடிமன். ஆக்சைடு அங்கே இருப்பதற்குக் காரணம், கடைசியில் பின்புறத்திலிருந்து சிலிக்கானை அரிக்கும்போது அரிப்பு நைட்ரைடைத் தொடாமல் நிற்க வேண்டும் என்பதே.

நைட்ரைடு சற்றே இழுவைத் தகைவில் இருக்க வேண்டும். அமுக்கத் தகைவில் இருந்தால், சிலிக்கான் நீங்கியதும் கால்கள் வளைந்து தீவு ஒரு பக்கமாய்ச் சாயும். நுண்ணோக்கியில் குவியத்தைச் சற்று மேலும் கீழும் நகர்த்திப் பாருங்கள்: நல்ல தீவு முழுவதும் ஒரே நேரத்தில் கூர்மையாகும், சாய்ந்த தீவில் ஒரு மூலை கூர்மையாக இருக்கும்போது எதிர்மூலை மங்கிக் கிடக்கும். வாங்கும் வேஃபர்களின் தகைவு அளவை விற்பவரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

5. நையோபியம், மின்காப்பு, மீண்டும் நையோபியம்

கம்பித்தடத்துக்கு நையோபியம்தான் வேண்டும். அலுமினியத்தின் ஆற்றல் இடைவெளி ஏறத்தாழ 90 கிகாஹெர்ட்ஸுக்கு இணையானது. அதற்கு மேற்பட்ட அலைகள் எலெக்ட்ரான் இணைகளை உடைத்து, தடத்திலேயே உறிஞ்சப்பட்டுவிடும். நையோபியத்தின் இடைவெளி 700 கிகாஹெர்ட்ஸை ஒட்டியது. ஆகவே நம் அலைக்கற்றை முழுவதும் இழப்பின்றிக் கடக்கும்.

நையோபியத்தின் தகைவை ஆர்கான் அழுத்தம் தீர்மானிக்கிறது. ஒவ்வொரு முறையும் ஒரு வெற்று வேஃபரில் படிய வைத்து, வளைவை அளந்த பிறகே நல்ல வேஃபரைக் கலத்துக்குள் அனுப்ப வேண்டும். படலத்துக்கான உலோகத்தைத் தரும் இலக்குத் தகடு தேயத் தேய, போன மாதத்து அழுத்தம் இந்த மாதம் பொருந்தாது. அரிக்கும்போது ஓரங்களைச் சரிவாக விடுங்கள். செங்குத்தான படியின் மேல் ஏறும் அடுத்த படலம் மூலையில் மெலிந்து வெடிக்கும்.

மின்காப்புப் படலத்தில் இரண்டு ஆபத்துகள் உண்டு. ஒன்று ஊசித்துளை. படலத்தை ஒரே வீச்சில் படிய வைக்காமல் பாதியில் நிறுத்தி, வேஃபரைத் துப்புரவாக்கி, மறுபாதியைப் படிய வையுங்கள். இரண்டு துளைகள் ஒரே இடத்தில் அமைவது அரிது. மற்றொன்று மின்காப்பு மாறிலி. அது நான்கு விழுக்காடு விலகினால், நமக்கு வேண்டிய அலைகளை மட்டும் விடும் வடிகட்டியின் அலைக்கற்றை ஏறத்தாழ இரண்டு விழுக்காடு, அதாவது 150-இல் 3 கிகாஹெர்ட்ஸ் நகரும். நம் சாளரத்துக்குக் கீழே 119 கிகாஹெர்ட்ஸில் ஆக்சிஜன் கோடும், மேலே 183 கிகாஹெர்ட்ஸில் நீராவிக் கோடும் நிற்கின்றன. கற்றை மேலே நகர்ந்தால், காற்றிலுள்ள ஈரத்தின் ஏற்ற இறக்கம் முழுவதும் நம் தரவுக்குள் வந்துவிடும்.

மேல் நையோபியத்தைப் படிய வைக்கும் முன், இரு நையோபியத்தையும் இணைக்க மின்காப்பில் வெட்டிய துளைகளின் அடியில் உள்ள இயல்பான ஆக்சைடை அதே கலத்தில் ஆர்கான் அயனியால் சுரண்டி, வெற்றிடத்தை உடைக்காமல் படலத்தைப் போட வேண்டும். அறை வெப்பநிலையில் சரியாகத் தெரியும் தொடர்பு, ஆக்சைடு மிச்சமிருந்தால் குளிரில் மின்தடையாகி நிற்கும்.

6. கலப்புப் படலம்

தூய அலுமினியம் 1.2 கெல்வினில் மீக்கடத்தியாகும். மில்லியனில் ஆயிரத்துச் சொச்சம் பங்கு மாங்கனீசு சேர்த்தால், நமக்கு வேண்டிய சில நூறு மில்லிகெல்வின் எல்லைக்குள் அது இறங்கும். மாங்கனீசின் செறிவு பெருமளவுத் திருத்தம். நுண்ணிய திருத்தத்தைப் பின்னால் சூட்டினால் செய்கிறோம். டைட்டானியம்–தங்கம் போன்ற ஈரடுக்குகளில், இரண்டு மெல்லிய படலங்களின் தடிமனும் இடைமுகமும் சேர்ந்து வெப்பநிலையை முடிவு செய்கின்றன. கலப்புப் படலத்தை நூற்றுக்கணக்கான நானோமீட்டர் தடிமனில் போட முடிவதால், வேஃபரின் நடுவுக்கும் ஓரத்துக்கும் வேறுபாடு குறைவு. ஆயிரத்துக்கும் மேற்பட்ட உணரிகள் ஒரே வேஃபரில் இருக்கும்போது இந்தச் சீர்மைதான் மிகப் பெரிய வரவு என்பது என் கருத்து.

இந்தப் படலம் மின்காப்புக்குப் பின்னால்தான் வர வேண்டும். மின்காப்பு படியும் கலம் பெரும்பாலும் 300 டிகிரி செல்சியசை ஒட்டி இயங்கும். கலப்புப் படலம் தான் கண்ட உச்சச் சூட்டை நினைவில் வைத்துக்கொள்ளும். அதற்கேற்ப அதன் மாறுநிலை வெப்பநிலை ஏறிவிடும். ஏறியதை இறக்க வழியில்லை.

புதியவர்கள் மிக அதிகமாக இடறும் இடம் ஃபோட்டோரெசிஸ்ட் டெவலப்பர், அதாவது வடிவம் பதிக்கும் ஒளியுணர் பூச்சில் (ரெசிஸ்ட்) வேண்டாத பகுதியைக் கரைக்கும் கரைசல். வழக்கமான டெவலப்பர் காரத்தன்மை உள்ளது. அது அலுமினியத்தையும் கரைக்கும். நேரம் அரை நிமிடம் மிஞ்சினாலும், நுண்ணோக்கியின் இருட்புல ஒளியில் படலத்தின் ஓரம் நேர்கோடாக இல்லாமல் பல்லுப்பல்லாய் மின்னுவதைக் காணலாம். அங்கே தங்கமோ பலேடியமோ தொட்டுக்கொண்டிருந்தால் நிலைமை இன்னும் மோசம்: இரு உலோகங்களும் கரைசலில் ஒரு மின்கலமாகி, அலுமினியம் தொடுமிடத்திலிருந்து அரிக்கப்படும். ஆகவே டெவலப்பர் படும் படிகளைக் குறைத்து, நேரத்தை நொடிக் கணக்கில் கட்டுப்படுத்தி, கழுவும் நீரில் வேஃபரை ஊற விடாமல் உடனே உலர்த்துங்கள்.

7. தங்க மின்தடையும் பலேடியம்–தங்கமும்

இரண்டையும் லிஃப்ட்-ஆஃப் முறையில் (ரெசிஸ்ட்டின் மேல் உலோகத்தைப் போட்டு, ரெசிஸ்ட்டோடு வேண்டாத பகுதியைக் கழற்றும் முறை) போடலாம். தங்க மின்தடை நுண்ணலையைத் தின்று வெப்பமாக்குகிறது. அதன் தடை கம்பித்தடத்தின் மின்மறுப்போடு பொருந்தாவிட்டால் ஒரு பகுதி சைகை திரும்பிப் போய்விடும். பலேடியம்–தங்கத்தின் வேலை வேறு. தீவின் வெப்ப ஏற்புத்திறன் குறைவாக இருந்தால், உணரி படிப்புச் சுற்றைவிட வேகமாகி, மின்னூட்டில் (உணரிக்குக் கொடுக்கும் இயக்க மின்னழுத்தம்) நிலையின்றி அலைபாயும். கனமான உலோகத்தைச் சேர்த்து அதை வேண்டுமென்றே மெதுவாக்குகிறோம். இந்த உலோகம் கலப்புப் படலத்தோடு நேரடித் தொடர்பில் இருக்க வேண்டும். தனியே நின்றால் தீவுக்குள் இரண்டு வெப்பநிலைகள் உருவாகி, மறுமொழியில் இரண்டு கால மாறிலிகள் தெரியும்.

8. சூட்டுத் திருத்தம்

அதே படிவு ஓட்டத்தில் கிடைத்த சோதனைத் துண்டுகளை எடுத்து, ஒவ்வொன்றையும் வெவ்வேறு வெப்பநிலையில், ஆனால் ஒரே கால அளவுக்கு, பத்து நிமிடம் சூட்டுத்தட்டில் வையுங்கள். 200 டிகிரியை ஒட்டிய எல்லையில் தொடங்கலாம். துண்டுகளைக் குளிர்வித்து அளந்து, சூட்டுக்கும் மாறுநிலை வெப்பநிலைக்கும் ஒரு வரைகோடு போடுங்கள். பிறகுதான் முழு வேஃபர்.

இலக்குக்குச் சற்றுக் கீழே நிறுத்துவதே அறிவுடைமை. இன்னொரு முறை சூடேற்றலாம், குறைக்க இயலாது. சூட்டுத்தட்டின் திரை காட்டும் எண்ணை நம்பாமல், வேஃபரின் மேலேயே வெப்ப இரட்டையை (வெப்பநிலை அளக்கும் கம்பி இணை) வைத்து அளவிடுங்கள்.

9. கால்களும் விடுவிப்பும்

முன்புறத்தில் கால்களின் வடிவை நைட்ரைடில் வெட்டி, பின்பு பின்புறத்திலிருந்து ஆழ அயனி அரிப்பால் சிலிக்கானை நீக்குகிறோம். கால் 10 மைக்ரோமீட்டர் அகலம் என்றால், இருபுறமும் அரை மைக்ரோமீட்டர் மிகையாக அரிந்தால் போதும், கடத்துதிறனில் பத்து விழுக்காடு போய்விடும். கால்கள் மேல் ரெசிஸ்ட் எச்சம் தங்கினால் அதுவும் வெப்பத்தைக் கடத்தும்.

இந்தப் படியில் இரண்டு கட்டுப்பாடுகள். முதலாவது, வேஃபர் சூடாகக் கூடாது. தாங்கு வேஃபரோடு சரியாக ஒட்டாத இடத்தில் வெப்பம் வெளியேற வழியில்லாமல், அங்குள்ள உணரிகள் மட்டும் 8-ஆம் படியின் சூட்டைத் தாண்டிப் போகும். சோதனையில் வேஃபரின் ஒரு பகுதி மட்டும் கூடுதல் தெவிட்டுத் திறன் காட்டினால், முதலில் இந்த ஒட்டைச் சந்தேகியுங்கள். அரிப்பை இடைவெளி விட்டுச் செய்வது பாதுகாப்பு. எச்சத்தை ஆக்சிஜன் பிளாஸ்மாவில் எரிக்கும்போதும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

இரண்டாவது, விடுவித்த பிறகு அதிர்வும் நீர்த்தாரையும் கூடாது. மீயொலிக் குளியல், ரம்ப வெட்டு இரண்டும் சவ்வுகளை உடைத்துவிடும். வேஃபரை அறுகோணமாகப் பிரிக்கும் கோட்டையும் அதே பின்புற அரிப்பிலேயே வெட்டிவிட்டால் ரம்பமே தேவைப்படாது. கரைசலிலிருந்து எடுக்கும்போது வேஃபரைச் செங்குத்தாக, மெதுவாக உயர்த்துங்கள். தட்டையாகத் தூக்கினால் மேலே நிற்கும் திரவத்தின் எடை கால்களை முறிக்கும்.

10. குளிர்விக்கும் முன்

எல்லா உணரிகளையும் அறை வெப்பநிலையில் ஊசிமுனையால் அளந்து, தொடர்பற்றதையும் குறுக்கிணைந்ததையும் வரைபடத்தில் குறியுங்கள். கம்பி பிணைப்புக்கு அலுமினியக் கம்பி நல்லது; 1 கெல்வினுக்குக் கீழே அதற்கு மின்தடை இல்லை. 0.4 மில்லிஓம் இணைத்தடத்தோடு வேலை செய்யும்போது, சுற்றில் மறைந்திருக்கும் 0.1 மில்லிஓம்கூட மின்னூட்டைக் கெடுக்கும்.

ஆண்டெனாவுக்குப் பின்னால் உள்ள எதிரொளிப்புத் தளம் கால் அலைநீளத்தில், அதாவது சுமார் அரை மில்லிமீட்டரில் அமைய வேண்டும். ஸ்குவிட்களைச் சுற்றிக் காந்தக் கவசம் இல்லாமல் எந்த அளவும் எடுக்க வேண்டாம்.

11. குளிர்ச் சோதனை

மின்னூட்டு வரைகோட்டை எடுக்கும்போது, பூச்சியத்திலிருந்து மேலே ஏறாதீர்கள். அப்போது படலம் மீக்கடத்து நிலையில் பூட்டிக்கிடக்கும். முதலில் பெரிய மின்னோட்டத்தால் படலத்தை இயல் நிலைக்குத் தள்ளி, பின்பு படிப்படியாகக் கீழே இறங்குங்கள். இயல் மின்தடையின் 90 விழுக்காட்டில் உள்ள திறனைத் தெவிட்டுத் திறனாகக் குறியுங்கள். எந்தப் புள்ளியைத் தேர்ந்தாலும் எல்லா உணரிகளுக்கும் அதுவே இருக்க வேண்டும்.

இதை 70 முதல் 150 மில்லிகெல்வின் வரை பல அடித்தள வெப்பநிலைகளில் திரும்பச் செய்தால், மாறுநிலை வெப்பநிலை, அடுக்கெண் (2-ஆம் படியில் மும்மடி என்று கொண்டது), கடத்துதிறன் மூன்றையும் பொருத்திப் பெறலாம். ஒவ்வொரு படியிலும் வெப்பநிலை நிலைபெறப் பொறுத்திருங்கள். வெப்பமானி நின்ற பிறகும் வேஃபரின் நடுப்பகுதி நகர்ந்துகொண்டிருக்கும். அவசரமாக எடுத்த புள்ளிகள், நடு உணரிகளில் மட்டும் வினோதமான அடுக்கெண்ணைக் காட்டிக்கொடுக்கும்.

அடுத்து ஒளித்திறன், அதாவது வந்து சேரும் ஒளியில் உணரி எவ்வளவைப் பிடிக்கிறது என்ற விகிதம். ஒளியை ஆண்டெனாவுக்குக் கொண்டுவரும் கொம்புகளின் முன்னால், தன் வெப்பநிலைக்கேற்ப அலைகளை உமிழும் குளிர்ந்த கரும்பொருள் ஒன்றை வைத்து, 10 கெல்வினிலிருந்து 15 கெல்வினுக்கு ஏற்றுங்கள். 40 கிகாஹெர்ட்ஸ் அகலமுள்ள ஒற்றைத் தளவிளைவு (ஒரே திசையில் அதிரும் அலையை மட்டும் வாங்கும்) உணரிக்கு இந்த ஏற்றம் ஏறத்தாழ 2.7 பைக்கோவாட் தரும். தெவிட்டுத் திறன் எவ்வளவு குறைந்தது என்பதை இதனால் வகுத்தால் ஒளித்திறன் கிடைக்கும். கரும்பொருளை 20 கெல்வினுக்கு மேல் கொண்டுபோனால் 10 பைக்கோவாட் உணரி தெவிட்டும் எல்லையை நெருங்கிவிடும்.

அதே ஏற்றத்தில் இருட்டு உணரிகளும் இறங்கியிருக்கும். அந்த இறக்கத்தில் ஒரு பகுதி வேஃபர் சற்றுச் சூடானதாலும், மற்றது பக்கவாட்டுக் கசிவாலும் வருவது. கரும்பொருளை மறைத்துவிட்டு, வேஃபரை மட்டும் அதே அளவு சூடாக்கி இன்னொரு வரைகோடு எடுத்தால் இரண்டையும் பிரிக்கலாம். இந்தக் கழித்தலைச் செய்யாமல் அறிக்கையில் எழுதப்படும் ஒளித்திறன், உண்மையைவிட எப்போதும் கூடுதலாகவே இருக்கும்.